செயலாளர் ஆண்டறிக்கை: 2020 ஜூலை முதல் 2021 ஜூன் வரை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், விடுமுறை வீடு நடத்தும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: கொரோனா பரவும்போது வீட்டைத் திறக்கலாமா, கூடாதா? அதை அரசு உத்தரவுதான் முடிவு செய்தது, நாம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. அனுமதி இருந்த நாட்களில் யாருக்கு ஆபத்து, எந்த நேரத்தில் ஆபத்து என்று பார்ப்பது மட்டும் நம் பொறுப்பாக இருந்தது. இந்த ஆண்டு சங்கத்தின் நேரம் பெரும்பாலும் அதில்தான் போனது.

கூட்டங்கள்

செயற்குழு மாதந்தோறும் வீடியோ அழைப்பில் கூடியது. மைக்கை அணைக்க மறந்த சிலரால், நிகழ்ச்சி நிரலில் இல்லாத பல குடும்ப விஷயங்களும் சங்கத்துக்குத் தெரியவந்தன. அவை குறிப்பேட்டில் ஏறவில்லை.

முதலில் உள்ளே நுழைபவர்

விருந்தினர் குடும்பத்தோடு வருகிறார், ஒரே வீட்டில் தங்குகிறார், போய்விடுகிறார். முழு வீட்டையும் ஒரே குடும்பத்துக்கு விடும்போது அவர்கள் வெளியாரைச் சந்திக்கும் நேரம் குறைவு. சாவியைக் கையில் கொடுக்கும் பழக்கத்தை விட்டு எண் பூட்டுக்கும் சாவிப் பெட்டிக்கும் மாறியபின் அதுவும் குறைந்துவிட்டது. (ஒவ்வொரு விருந்தினர் போனதும் எண்ணை மாற்றுங்கள். இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.)

மிச்சமிருக்கிற ஆபத்தில் பெரும்பங்கு யாருக்கு என்று பார்த்தால், செக்-அவுட் ஆன கையோடு உள்ளே போகிற துப்புரவுப் பணியாளருக்குத்தான். அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே ஒருவர் தொற்றைப் பரப்ப முடியும். இரவெல்லாம் ஜன்னல் சாத்தி ஏசி போட்டுத் தூங்கிய அறையில், அப்படிப்பட்ட விருந்தினர் விட்ட மூச்சு சிகரெட் புகை போலத் தேங்கி நிற்கும். நாம் சாதாரணமாக மாட்டியிருக்கும் ஸ்பிலிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அதே காற்றைக் குளிர்வித்துச் சுற்றவிடுகிறது. அந்த அறைக்குள் ஒருவரை வாளியும் துடைப்பமுமாக உடனே அனுப்புவதைத்தான் நாம் இவ்வளவு நாளும் சுறுசுறுப்பு என்று பாராட்டி வந்தோம்.

எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அறைக்காற்று மணிக்கு 6 முறை மாறினால், மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேற 46 நிமிடம் ஆகும். 2 முறைதான் மாறுகிறது என்றால் 138 நிமிடம். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, எக்சாஸ்ட் ஃபேனையும் ஓடவிட்டால் முதல் கணக்கை நெருங்கலாம். ஒரே ஜன்னல் உள்ள அறைக்கு இரண்டாவதுதான் பொருந்தும். அதனால், புறப்படும்போது எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்துவிட்டுப் போகும்படி விருந்தினரையே கேட்டுக்கொள்வது என்று செயற்குழு முடிவெடுத்தது. மறுத்தவர் யாரும் இல்லை. பணியாளர் குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து, காற்றோட்டம் குறைந்த வீடானால் இன்னும் தாமதித்து, நன்றாகப் பொருந்தும் முகக்கவசத்தோடு உள்ளே போவார். இதற்காகச் செக்-அவுட்டை முன்னும் செக்-இன்னைப் பின்னும் தள்ளியதில் சிலருக்கு முன்பதிவு போயிருக்கலாம். ஆனாலும் இதை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

உடம்பு சரியில்லை என்று பணியாளர் சொன்னால் அன்றைய சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்றும் தீர்மானித்தோம். பிடித்தால் அடுத்த முறை சொல்ல மாட்டார், காய்ச்சலோடு வேலைக்கு வந்து நிற்பார்.

துடைப்பது பற்றி

2020 மார்ச்சில் வந்த ஆய்வு ஒன்று, வைரஸ் பிளாஸ்டிக்கின் மேல் 72 மணி நேரம் வரை உயிர்ப்போடு இருக்கலாம் என்றது. முன்பதிவுகளுக்கு நடுவே மூன்று நாள் வீட்டைப் பூட்டிவைக்கும் வழக்கத்துக்கு அந்த எண்தான் வலு சேர்த்தது. ஆனால் அதே ஆய்வில், அந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்தது. இதை யாரும் பெரிதாக எடுத்துச் சொல்லவில்லை. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், தொற்றுள்ள ஒரு பரப்பைத் தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாக 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என்று சொல்லிவிட்டது. அதே மாதக் கடைசியில் உலக சுகாதார நிறுவனமும் காற்றுவழிப் பரவலைத் தன் விளக்கத்தில் தெளிவாகச் சேர்த்தது.

இதற்காகத் துடைப்பதை விட்டுவிட முடியாது. கைப்பிடி, சுவிட்ச், ரிமோட், குழாய், ஃபிரிட்ஜ் கதவு ஆகியவற்றைச் சோப்பால் துடைத்தபிறகு கிருமிநாசினி போட்டால் போதும். அழுக்கின் மேல் ப்ளீச் ஊற்றினால் ப்ளீச்தான் வீணாகும். 0.1 சதவீதக் கரைசல் வேண்டும். 5 சதவீத ப்ளீச் என்றால் 10 மில்லி எடுத்து 490 மில்லி பச்சைத் தண்ணீரில் கலக்க வேண்டும். அன்றன்றைக்குப் புதிதாகக் கலந்து, பரப்பு ஒரு நிமிடமாவது ஈரமாக இருக்கும்படி விட வேண்டும். டாய்லெட் ஆசிடோடு ப்ளீச் கலந்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியா உள்ள திரவத்தோடு கலந்தால் அதற்கு இணையான நச்சு வாயு வரும். கொரோனாவுக்குப் பயந்து மூடிய குளியலறையில் இதைச் செய்து மூச்சுத் திணறுவது என்ன கொடுமை! இந்த எச்சரிக்கையைத் துப்புரவுப் பொருட்கள் வைக்கும் அலமாரியிலேயே ஒட்டிவையுங்கள்.

விரிப்பையும் உறையையும் உதறாமல் சுருட்டி எடுத்து, சோப்புத்தூள் போட்டு 60 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் துவைக்க வேண்டும். அலங்காரத் தலையணைகள் அலமாரிக்குள் போகட்டும். அவற்றுக்காக இதுவரை எந்த விருந்தினரும் ஏங்கியதாகத் தெரியவில்லை.

அப்புறம், இயந்திரம் விற்பவர்கள். புகை அடிக்கும் கருவி, ஓசோன் பெட்டி, கையில் பிடிக்கும் புறஊதா விளக்கு என்று இந்த ஆண்டு சங்கத்துக்கு வந்த மின்னஞ்சல்களில் பாதி இவர்களுடையதுதான். அறைக்குள் கிருமிநாசினியைப் புகையாகவோ தூவலாகவோ அடிப்பதை 2020 மே மாதமே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறது. ஓசோன் நுரையீரலுக்குக் கேடு. பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்பவர்கள் நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாம், அல்லது திறக்காத ஜன்னலைத் திறக்கும்படி தச்சரை அழைக்கலாம். பொதுக்கூடம் வைத்திருப்பவர்களுக்குக் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் உதவும். வெளியே 400 பிபிஎம்முக்கு (காற்றின் பத்து லட்சம் பங்கில் 400) சற்று மேல் காட்டும் அது, ஆட்கள் இருக்கும்போது உள்ளே 800-ஐத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை.

பூட்டிக் கிடந்த வீடுகள்

மாதக்கணக்கில் பூட்டிய வீட்டைத் திறக்கும்போது எல்லாரும் கொரோனாவைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் குழாயில் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவும் வளரும். ஷவர் தூவும் நுண்திவலையோடு அது நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியா வரலாம். விருந்தினர் வருவதற்கு முன், ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, திவலை தெறிக்காதபடி, வெந்நீர் குளிர்நீர் இரண்டையும் சில நிமிடம் ஓடவிட வேண்டும். வெந்நீர்த் தொட்டி 60 டிகிரிக்குச் சூடாக வேண்டும். தரை வடிகால்களில் நின்ற நீர் வற்றியிருந்தால் சாக்கடைக் காற்று மேலே வரும், ஒரு வாளி நீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

ரத்தும் ரீஃபண்டும்

அதிகம் சண்டை நடந்த விஷயம் இதுதான். இணையவழி வீட்டு முன்பதிவுத் தளமான ஏர்பிஎன்பி நிறுவனம் 2020 மார்ச் 14 வரை எடுத்த முன்பதிவுகளுக்குக் கொரோனா காரணமாக முழுப் பணத்தையும் திருப்பித் தர ஏற்பாடு செய்தது. அதற்குப் பின் முன்பதிவு செய்தவர்கள் பொதுவாக அந்த ஏற்பாட்டில் வரவில்லை, நிலைமை தெரிந்தேதான் முன்பதிவு செய்தார்கள் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. நம்மிடம் நேரடியாகப் பதிபவர்களுக்கு விதியை நாமேதான் எழுத வேண்டும். அரசு உத்தரவால் வர முடியாவிட்டால் முழுப் பணம் அல்லது தேதி மாற்றம், எது என்பது விருந்தினர் விருப்பம். இதில் எல்லாரும் ஒத்துப்போனார்கள். நோய் என்று சொல்லி ரத்து செய்தால்? 'பொய் சொல்வார்கள்' என்று ஒரு தரப்பு வாதாடியது. சிலர் சொல்லத்தான் செய்வார்கள். ஆனால் பணம் போய்விடும் என்று பயப்படுகிற குடும்பம் காய்ச்சலை மறைத்துக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிடும். பொய் சொல்லும் நாலு பேருக்குத் தேதி மாற்றித் தருவதில் வரும் நஷ்டம் அதைவிடச் சிறியது. கடைசியில், நோய்க்குத் தேதி மாற்றம் கட்டாயம், பணத்தைத் திருப்பித் தருவது உரிமையாளர் விருப்பம் என்று மாதிரி ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறோம்.

தங்கியிருக்கும்போதே நோய் வந்தால்

முன்பதிவு மூன்று நாள், தனிமைப்படுத்தல் பத்து நாளுக்கு மேல். உலக சுகாதார நிறுவனத்தின் அப்போதைய (2020) அளவுகோல்படி, அறிகுறி தொடங்கி 10 நாள், அதோடு அறிகுறி இல்லாமல் குறைந்தது 3 நாள். அவரை வெளியே போகச் சொல்ல முடியாது, அடுத்த விருந்தினரோ வழியில் இருப்பார். இதற்காக மாற்று வீட்டுப் பட்டியல் ஒன்று தொடங்கினோம். காலியாக இருக்கும் உறுப்பினர் வீடு அடுத்த விருந்தினரை ஏற்கும். கூடுதல் நாட்களுக்கான கட்டணம் என்ன என்பது முன்பதிவின்போதே எழுத்தில் இருக்க வேண்டும். காய்ச்சலில் கிடப்பவரிடம் பேரம் பேசுவது நமக்கு அழகில்லை. நோயாளியின் பெயரை உறுப்பினர் வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது என்பதும் விதியில் சேர்க்கப்பட்டிருக்கிறது, காரணம் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

விருந்து, கொண்டாட்டம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஆகஸ்ட்டில் ஏர்பிஎன்பி உலகம் முழுக்க விருந்துகளுக்குத் தடை விதித்து, ஒரு வீட்டில் 16 பேருக்கு மேல் கூடாது என்றது. நேரடி முன்பதிவுகளுக்கும் அதே தடையை நாம் எடுத்துக்கொண்டோம். 16 என்பது பல வீடுகளுக்கு மிக அதிகம் என்பதால், எத்தனை பேருக்குப் படுக்கை உண்டோ அத்தனை பேர்தான் என்று வைத்திருக்கிறோம்.

முடிவாக

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வைப்பார். பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்கள் உள்ளன: செக்-அவுட்டுக்குப் பின் காற்றோட்ட இடைவெளியைக் கட்டாயமாக்குவது, துப்புரவுப் பணியாளருக்கு நோய்க்கால ஊதியம், மாற்று வீட்டுப் பட்டியலை அடுத்த ஆண்டும் தொடர்வது. இரண்டாவது தீர்மானத்துக்கு ஆட்சேபம் தெரிவித்து எழுதிய உறுப்பினர்களின் கடிதங்களும் இணைக்கப்பட்டுள்ளன. வாக்கெடுப்புக்கு முன் அவற்றையும் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்