அரசு அலுவலகத்தில் பூஜை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசு அலுவலகங்களில் ஆயுத பூஜை நடத்துவதில் என்ன தவறு என்று கேட்கிறார்கள். நான் நாத்திகன். தவறுதான் என்கிறேன்.

எங்கள் ஊர் அலுவலகம் ஒன்றில் கடந்த ஆண்டு கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு, ஜீப் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், வாசலில் உடைத்த பூசணிக்காய். அதில் வழுக்கி விழுந்தவர் முதியோர் ஓய்வூதியம் கேட்டு வந்த ஒரு பாட்டி. திருஷ்டி யாருக்குக் கழிந்தது?

அண்ணா முதலமைச்சராக இருந்த 1968-லேயே அரசு அலுவலகங்களில் சாமி படங்களை அகற்றச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. படங்கள் இன்னும் சுவரில்தான் இருக்கின்றன.

2022-இல் தருமபுரி மாவட்டத்தில் அரசுப் பணிக்குப் பூமி பூஜை போட்டபோது, மற்ற மதத்தினர் எங்கே, நாத்திகர்கள் எங்கே என்று கேட்டார் அன்றைய எம்.பி. செந்தில்குமார். துணிச்சலான கேள்வி. ஆனால் எனக்குப் பாதிரியாரும் வேண்டாம், இமாமும் வேண்டாம். பொறியாளர் வந்தால் போதும்.

2023-இல் சந்திரயான்-3 புறப்படும் முன் அதன் மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோனது இன்னும் வேதனை. அதைத் தரையிறக்கியது விஞ்ஞானிகளின் கணக்கும் உழைப்பும். அந்தப் பெருமையை ஏன் சாமிக்குப் பங்கு வைக்க வேண்டும்?

வீட்டில் யார் எதைக் கும்பிட்டாலும் எனக்கு ஆட்சேபமில்லை. அரசு அலுவலகம் எல்லோருடைய வரிப்பணத்திலும் நடக்கிறது. 1968 உத்தரவைத் தலைமைச் செயலாளர் மீண்டும் சுற்றறிக்கையாக அனுப்பி, இந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு முன்பே நடைமுறைப்படுத்த வேண்டும்.

- ஒரு வாசகர், சேலம்