ராஜ்தூத் 350 விற்பனைக்கு: ஞாயிறு காலை நேரில் பார்க்கலாம்

நண்பர்களே, வணக்கம். நம் உறுப்பினர் ஒருவர் தன் ராஜ்தூத் 350 பைக்கைக் கொடுக்க முன்வந்திருக்கிறார். ஞாயிறு காலை 7 மணிக்குப் பார்க்கலாம். விலையை அவரிடமே பேசிக்கொள்ளுங்கள், குழுவில் பேரம் வேண்டாம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இது யமஹாவின் ஆர்டி350பி. 1983-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இதை இங்கே தயாரிக்கத் தொடங்கியது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். ஜப்பான் வண்டியில் முன்னால் டிஸ்க் பிரேக், நம் வண்டியில் டிரம். இதில் இரண்டு வகை: முதலில் வந்த ஹை டார்க் 30.5 குதிரைத்திறன், பின்னால் வந்த லோ டார்க் 27. விற்பனைக்கு வந்திருப்பது லோ டார்க்.

நீங்கள் போவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்; ஆறிய எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும். எஞ்சினைக் கையால் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். அப்புறம் கிக் அடியுங்கள். முதலில் புகை வருவது இயல்பு. சூடான பிறகும் வலப்பக்க சைலன்சரில் மட்டும் குபுகுபுவென்று வெள்ளைப் புகை வந்தால், கிராங்க் ஆயில் சீல் (கியர் ஆயில் எஞ்சினுக்குள் கசியாமல் தடுக்கும் வளையம்) போயிருக்கலாம், கியர் ஆயில் உள்ளே இறங்கி எரிகிறது. எஞ்சினைத் திறக்க வேண்டிய பெரிய வேலை அது.

சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்சி புத்தகத்தோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். பெயின்ட் பளபளப்பில் மயங்கி, எண் திருத்திய வண்டியை நான் ஒருமுறை வாங்கிவிட்டேன். பெயர் மாற்றவே முடியவில்லை. அந்த வலி உங்களுக்கு வேண்டாம்.

தயவுசெய்து இதை உதிரிப் பாகத்துக்காகப் பிரிப்பவர்கள் கேட்க வேண்டாம். ஓட்டுகிறவர் கைக்கே இது போகவேண்டும்.