உத்தரத்தில் போட்ட துளை குறித்துப் புகார்

திட்ட நிர்வாகி அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் சிராங்கூன் கார்டனில் உள்ள எங்கள் தரைவீட்டைப் புதுப்பிக்கும் பணியை உங்கள் நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கிறோம். சென்ற செவ்வாய்க்கிழமை வேலையிடத்துக்குப் போனேன். மாடிக் குளியலறையின் கழிவுநீர்க் குழாய்க்காக, அதற்குக் கீழே உள்ள கான்கிரீட் உத்தரத்தைத் துளைத்திருந்தார்கள். தூணிலிருந்து ஒரு சாண் தூரத்தில், 150 மில்லிமீட்டர் அகலத்துக்கு! உத்தரத்தின் உயரமே 400 மில்லிமீட்டர்தான்.

குடைந்தெடுத்த கான்கிரீட் உருளை தரையில் கிடந்தது. அதன் பக்கவாட்டில் இரண்டு கம்பிகளின் வெட்டுமுனைகள் புதுக்காசு போல மின்னின. அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

தூணை ஒட்டிய பகுதியில் வெட்டுவிசை, அதாவது உத்தரத்தைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசை, அதிகம். அதனால்தான் அங்கே வளையக் கம்பிகளை நெருக்கிக் கட்டுகிறார்கள். குழாய்க்கு வழி வேண்டுமென்றால் பொறியாளர் இடம் குறித்து, கூடுதல் கம்பி கட்டச் சொல்லி, கான்கிரீட் ஊற்றும் முன்பே ஸ்லீவ் எனும் உறைக்குழாயை வைத்திருக்க வேண்டும். உங்கள் கட்டமைப்பு வரைபடத்தில் அந்த உத்தரத்தில் துளையே இல்லை; குழாய் வரைபடத்திலோ குழாய் அதன் ஊடே போகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க உங்களில் ஒருவருக்கும் நேரமில்லையா? மார்ச் மாதம் குளியலறையை இடம் மாற்றியபோதே கேட்டேன். “நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றீர்கள்.

துளையிட்ட தம்பியின் மேல் பழி போடாதீர்கள். கம்பி தட்டியதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மேற்பார்வையாளரைக் கேட்டிருக்கிறார். தொடரச் சொன்னவர் அவர்தான். “வரைபடத்தில் விடுபட்டுவிட்டது, பூசி மூடிவிடலாம்” என்று என்னிடமும் அவரே சொன்னார்.

1986 மார்ச் 15 அன்று சிராங்கூன் சாலையில் நியூ வோர்ல்ட் ஹோட்டல் கட்டடம் இடிந்து 33 பேர் மாண்டபோது நான் பள்ளி மாணவி. கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. ‘விடுபட்டுவிட்டது’ என்ற சொல்லை என்னால் சாதாரணமாகக் கேட்க முடியாது.

அந்த உத்தரத்தில் யாரும் சாந்து பூசக் கூடாது. பொறியாளர் நேரில் வந்து பார்த்து, கையொப்பமிட்ட அறிக்கையை 7 நாட்களுக்குள் தர வேண்டும். அவர் சொல்லும் பலப்படுத்தும் வேலை முழுவதும் உங்கள் செலவு. குளிரூட்டிக் குழாய், மின்குழாய் என இனி வரவேண்டிய துளைகள் அனைத்தையும் ஒரே வரைபடத்தில் காட்டி, அவர் ஒப்புதல் தரும்வரை எங்கும் துளையிடக் கூடாது. அதுவரை அடுத்த தவணைப் பணம் தரமாட்டேன். பதில் வராவிட்டால் கட்டட, கட்டுமான ஆணையத்திடம் படங்களுடன் புகார் செய்வேன்.

அந்த உத்தரத்துக்கு நேர் கீழே இருப்பது என் தாயாரின் படுக்கையறை.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்