ஆறுவது வேறு, காய்வது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் வீட்டுக் குறிப்புகள் பக்கத்தில், வெட்டுக்காயத்தில் காபித் தூளை அப்பினால் ரத்தம் உடனே நிற்கும், பிறகு கட்டுப் போடாமல் காற்றாட விட்டால் புண் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். நீங்களும் அதைக் கட்டம் கட்டி வெளியிட்டிருந்தீர்கள். கடலூர் முதுநகர்ப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் புண்ணுக்குக் கட்டுப் போட்டே காலம் தள்ளியவள் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அந்தத் தூளைத் திரும்ப எடுக்கிற வேலை எங்களுடையது. துறைமுகத்தில் மீன் வெட்டிக் கொடுக்கும் அம்மா ஒருவர், அரிவாள்மணையில் கட்டைவிரலைக் கொடுத்துவிட்டு வந்தார். காபித் தூளும் ரத்தமும் சேர்ந்து தார் மாதிரி இறுகிக் கிடந்தது. சலைனை ஊற்றி ஊற வைத்து, இடுக்கியால் துணுக்குத் துணுக்காக எடுக்க அரை மணி நேரம் ஆனது. வெட்டுப்பட்டபோது அழாதவர் அப்போது அழுதார். ரத்தத்தை நிறுத்தியது தூள் இல்லை, அவர் அழுத்திப் பிடித்த பிடி. சுத்தமான துணியை வைத்து, நடுநடுவே திறந்து பார்க்காமல் பத்து நிமிடம் அழுத்தியிருந்தாலே நின்றிருக்கும். நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும், சமையலறைக்கு அல்ல.

அடுத்தது காற்றாட விடுவது. "புண் ஆறிடுச்சா?" என்றும் கேட்கிறோம், "காஞ்சிடுச்சா?" என்றும் கேட்கிறோம். இரண்டும் ஒன்று என்றே நினைத்துவிட்டோம். புதுத்தோல் புண்ணின் ஓரத்திலிருந்து ஊர்ந்து வந்துதான் மூட வேண்டும். ஊர்வதற்கு ஈரம் வேண்டும். மேலே பொருக்குத் தட்டிவிட்டால், ஈரம் தேடி அதற்கு அடியில் குடைந்துகொண்டு போகிறது. நாள் இழுக்கிறது. 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் உண்டாக்கி, சிலவற்றைப் பாலிதீன் தாளால் மூடி, மற்றவற்றைத் திறந்து விட்டுப் பார்த்தார். மூடியவற்றில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் தோல் மூடியது. சும்மா சொல்லக் கூடாது, நான் பயிற்சி எடுத்த காலத்தில் எங்களுக்கும் 'காற்று படட்டும்' என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஈரம் என்றால் சொதசொதவென்று இருப்பதல்ல. குளிக்கும்போது நனைந்த கட்டை அப்படியே விட்டால் ஓரத்தோல் வெளுத்து ஊறிப்போகும். சின்னக் காயமென்றால் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, கொஞ்சம் வாசலின் தடவி, மேலே காஸ் துணி வைத்துக் கட்டி, தினம் மாற்றினால் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்தால் கிருமி சாகிறது என்று சந்தோஷப்படுகிறோம். முளைத்து வரும் புதுச்சதையும் அதில் சேர்ந்தே சாகிறது. ரணஜன்னி (டெட்டனஸ்) வராமல் தடுக்கப் போடும் டி.டி. ஊசி துருப்பிடித்த ஆணிக்கு மட்டும் என்பதும் தப்பு. ரணஜன்னிக் கிருமி இருப்பது மண்ணிலும் சாணத்திலும்.

தோல் மூடியதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் எங்கள் கடற்கரையில் அதிகம். தையல் பிரித்த மறுநாளே வலை இழுக்கப் போய், பிளந்த கையோடு வந்து நிற்பார்கள். மூன்று வாரத் தழும்புக்குப் பழைய தோலின் வலுவில் கால்பங்குதான் இருக்கும். எத்தனை மாதம் ஆனாலும் எண்பது சதவீதத்தைத் தாண்டாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை வரும்போது, 'இப்பவாவது ஆறட்டும்' என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதுண்டு. அவர்கள் வீட்டு அடுப்பு நிலவரம் தெரிந்ததால் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இவ்வளவு பேசுகிற நான் என் வீட்டில் கோட்டை விட்டேன். மாமியாருக்கு இருபது வருடச் சர்க்கரை. ஒருநாள் வாசலில் கிடந்த அவர் செருப்பை எடுத்து நகர்த்தினேன். உள்ளே பழுப்பாக ஒரு கறை. திருப்பினால் அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டூசி. எத்தனை நாளாக அதன்மேல் நடந்தாரோ! "வலிக்கவே இல்லையே, பாப்பா" என்றார். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனது தெரியாமல், வலிக்காதது நல்லதென்று நினைத்திருக்கிறார். கவட்டில் நெறி கட்டியிருந்தது, காய்ச்சலும் இருந்தது. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஒரு விரலைக் கொடுத்துக் காலைக் காப்பாற்றினோம். அதற்குப் பிறகு தினம் ராத்திரி டார்ச் அடித்து அவர் பாதத்தைப் பார்ப்பது என் வேலையானது. கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்வார்.

குறிப்பு அனுப்பிய சகோதரி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு அவர் அம்மா சொன்னது. ஆனால் அச்சில் வந்ததை ஜனங்கள் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே திருத்தத்தையும் அதே பக்கத்தில், அதே அளவு கட்டத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கடலூர் முதுநகர்.