சிகாகோவில் பார்த்த ராபி வீடு

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தி படித்ததும் வீட்டில் ஒரே சந்தோஷம். என் வாழ்த்தைச் சொல்.

போன ஞாயிறு மகன் என்னை சிகாகோவின் ஹைட் பார்க் பகுதிக்குக் கூட்டிப்போய் ராபி வீட்டைக் காட்டினான். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் கட்டியது, 1910இல் முடிந்தது. நாம் கல்லூரியில் படத்தில் பார்த்த அதே ப்ரேரி பாணி வீடுதான், தாழ்வாக, தரையோடு படுத்து நீளும் பாணி. ஆனால் நேரில் பார்த்தபோதுதான் அதன் செங்கல் வேலை என்னை அசத்தியது. ஒவ்வொரு கல்லும் நீளமாக, ஒல்லியாக இருக்கிறது. ரோமன் செங்கல் என்கிறார்கள். கல் வரிசைகளுக்கு நடுவே கிடைமட்டமாக ஓடும் படுக்கை இணைப்பில் கலவையை உள்வாங்கவிட்டு, வெளிர் நிறமாக வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கற்களுக்கு நடுவே செங்குத்தாக நிற்கிற இணைப்பிலோ கல்லின் நிறத்திலேயே கலவை. கிட்டே போனால்தான் ஒரு கல் எங்கே முடிகிறது என்று தெரிகிறது. தள்ளி நின்றால் சுவர் முழுக்கப் படுக்கைக் கோடுகள் மட்டுமே. இப்படி இணைப்புகளில் கலவை பூசி முடிக்கும் பாயிண்டிங்கில்கூட ரைட் விட்டுக்கொடுக்கவில்லை, செல்வம்! கொத்தனார்களை நிறுத்தி வைத்து இதைச் செய்ய வைக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

மேற்குப் பக்கம் கூரை கடைசித் தூணையும் தாண்டி சுமார் 20 அடி அந்தரத்தில் நீள்கிறது. தாங்குவது உள்ளே ஒளிந்திருக்கும் எஃகு உத்திரங்கள். தெற்கில் நீட்டிய கூரை கோடை உச்சி வெயிலைத் தடுத்து, குளிர்காலத்துச் சாய்வு வெயிலை உள்ளே விடுகிறது. மாடியில் கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே சுவரே இல்லை, கணப்பு அடுப்பு மட்டும்தான். அதன் மேல்பகுதியிலும் திறப்பு விட்டிருப்பதால் உட்கூரை ஒரே ஓட்டமாக அந்தப் பக்கம் போகிறது. 170க்கும் மேற்பட்ட வண்ணக் கண்ணாடி ஜன்னல்களும் கதவுகளும் உண்டு. அதைப் பற்றி அப்புறம் தனியாக எழுதுகிறேன்.

கட்டச் சொன்ன ஃபிரெடரிக் ராபிக்கு அப்போது முப்பது வயதுதான் இருக்கும். அப்பாவின் கடன், குடும்பப் பிரிவு என்று ஏறக்குறைய 14 மாதத்திலேயே வீட்டை விட்டுப் போய்விட்டார். பிறகு இறையியல் கல்லூரி ஒன்று வாங்கியது. 1957இல் அந்தக் கல்லூரி மாணவர் விடுதிக்காக இதை இடிக்கப் பார்த்தபோது, கிட்டத்தட்ட 90 வயதில் ரைட்டே நேரில் வந்து எதிர்ப்புத் தெரிவித்தார். மறு வருடம் வில்லியம் செக்கண்டார்ஃப் என்ற கட்டட முதலீட்டாளர் வாங்கியதால் தப்பியது. 2019இல் ரைட்டின் மற்ற ஏழு கட்டடங்களோடு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலிலும் சேர்ந்தது.

உன் மாடி வேலை எந்த மட்டில் இருக்கிறது? பூசாமல் செங்கல் தெரிய விடப்போவதாக எழுதியிருந்தாயே, பாயிண்டிங் ஆரம்பிக்கும் முன் எனக்கு ஒரு போன் போடு. இணைப்புகளைக் கிட்டத்தில் எடுத்த படங்கள் இருக்கின்றன, அனுப்புகிறேன். கொத்தனாரிடமும் காட்டு.

அன்புடன்,
ராஜா