ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னதை மாற்றிச் சொல்கிறேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

எம்.எஸ்சி. நர்சிங்கில் சைக்கியாட்ரிக், அதாவது மனநல நர்சிங், எடுக்கட்டுமா என்று நீ கேட்டதற்கு, "மெட்-சர்ஜ் எடுத்துக்கோ, எங்கே போனாலும் வேலை கிடைக்கும்" என்று பொது மருத்துவ, அறுவை சிகிச்சை நர்சிங்கை அன்றைக்குச் சொன்னேன். நீ "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். அந்தக் குரல் எனக்கு மூன்று நாளாகக் காதிலேயே நிற்கிறது.

எம்.எஸ்சி. நர்சிங்கில் எஜுகேஷன், ரிசர்ச், மேனேஜ்மென்ட் எல்லாம் எல்லோருக்கும் பொதுதான். ஆளுக்கு ஆள் மாறுவது ஸ்பெஷாலிட்டி பேப்பரும், அதற்காக நிற்கிற வார்டும். இரண்டாம் வருஷ ஆய்வும் அதை ஒட்டித்தான் வரும். பிறகு பாடம் எடுக்கப் போனாலும் அந்தப் பெயர் கூடவே வரும். அதனால் குழந்தைகள், பிரசவமும் பெண்கள் நோயும் பார்க்கிற ஓ.ஜி., ஊர் மக்கள் சுகாதாரம் பார்க்கிற கம்யூனிட்டி என்று ஒவ்வொன்றுக்கும் எத்தனை வேலை இருக்கிறது என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தது போதும்.

நீ ஐ.சி.யு.வில் இருப்பதால் மெட்-சர்ஜ் சுலபம் என்று நினைத்தேன். வென்டிலேட்டரும் மானிட்டரும்தான் பிடிக்கும் என்றால் கிரிட்டிக்கல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும் இருக்கிறது, அதுவும் இரண்டு வருஷம்தான். ஆனால் நீ என்னிடம் வென்டிலேட்டரைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பூச்சிமருந்து குடித்துவிட்டு வந்த பையனைப் பற்றித்தான் பேசினாய். பிழைக்க வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டோம், ஏன் குடித்தாய் என்று யாருமே உட்கார்ந்து கேட்கவில்லையம்மா என்று அழுதாய். நீ சைக்கியாட்ரிக் கேட்டபோது அது எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

பெரியப்பா "கீழ்ப்பாக்கத்துக்கா போகப் போறா?" என்றார். அவர் கேட்டதற்கு நானும் சும்மா இருந்தேன். அது தப்பு.

உனக்குச் சொல்லாத ஒன்று. பிரசவ வார்டில் நர்ஸாக எனக்கு 4 வருஷம் ஆகியிருந்த சமயம். தலைப்பிரசவம், ஐந்தாம் நாள். அந்தப் பெண் இரண்டு ராத்திரி கண் மூடவில்லை. இது என் பிள்ளை இல்லை, மாற்றிவிட்டார்கள் என்றாள். ரத்தப்போக்கு, தையல், பால் எல்லாம் பார்த்தேன், நார்மல் என்று எழுதினேன். வீட்டார் காத்துக்கருப்பு என்றார்கள். மந்திரிக்கக் கூட்டிப்போகிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். நானே பையை எடுத்துக் கொடுத்தேன். பிரசவத்துக்குப் பின் முதல் இரண்டு வாரத்துக்குள் வருகிற அந்த மனநோய் அவசர சிகிச்சைக்குரியது, மருந்தில் குணமாகக்கூடியது. அது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் உறைத்தது. அவளும் குழந்தையும் என்ன ஆனார்கள் என்று தெரியாது. அந்த வார்டில் உன்னைப் போல ஒருத்தி இருந்திருந்தால் அவளைப் போகவிட்டிருக்க மாட்டாள்.

நம் மாவட்டத்து ஏர்வாடியை மறக்க முடியுமா? 2001 ஆகஸ்ட் 6. மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை பற்றி எரிந்தபோது சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் ஓட முடியாமல் செத்தார்கள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தச் செய்தியைக் கேட்டேன். 2017-இல் வந்த மனநலச் சட்டம் யாரையும் சங்கிலியில் கட்டக்கூடாது என்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே எடுத்துக்கொண்டு சிகிச்சை தர வேண்டும் என்கிறது. நீ சொன்ன பையனுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சட்டம். வார்டில் அதை நடத்துகிற ஆள்தான் போதவில்லை.

எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. அடித்துவிடுவார்களோ, ராத்திரி ட்யூட்டியில் தனியாக விடுவார்களோ என்று யோசிக்கிறேன். அதனால் கல்லூரியைப் பார்க்கும்போது கட்டடத்தைப் பார்க்காதே. போஸ்டிங் எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை வாரம், போதை மீட்பு வார்டும் குழந்தைகள் மனநலப் பிரிவும் உண்டா, ஆய்வுக்கு கைடு யார் என்று அங்கே படிக்கிற பிள்ளைகளிடமே கேள். பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்கிற மனநல ஆஸ்பத்திரியின் படிப்புக்கும் அப்ளிகேஷன் போட்டுப் பார். தூரம் என்று தயங்காதே, ராத்திரி பஸ்ஸில் நான் வந்துவிடுவேன்.

பி.எஸ்சி. முடித்து ஒரு வருஷ அனுபவம் கேட்பார்கள். உனக்கு அது தாண்டிவிட்டது. ஆனால் சர்டிபிகேட்டை இந்த வாரமே எழுதிக் கேட்டுவிடு, கடைசி நேரத்தில் இழுத்தடிப்பார்கள். நர்சிங் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் அசல் பீரோவில் மஞ்சள் கவரில் இருக்கிறது. நாளைக்கு அப்பா ஜெராக்ஸ் எடுத்து அனுப்புவார். பெரியப்பாவிடம் நான் பேசிவிட்டேன்.

அம்மா