மொட்டை மாடியில் 10,000 ஸ்கிப்பிங்

அனைவருக்கும் வணக்கம். காலையில் மாடியில் தொம் தொம் என்று என்ன சத்தம் என மூன்றாம் மாடி அக்கா கேட்டார். என் மகள்தான். ஐந்தாம் வகுப்பு லீவு. ஞாயிறு தொடங்கி பத்து நாளில் 10,000 ஸ்கிப்பிங் போடப் போகிறாள். இப்போது நடப்பது ஒத்திகை.

எல்லாம் அவள் தம்பிக்காக. காசிமேட்டில் இருக்கும் என் தங்கை மகன். பிறவியிலேயே பெருமூளை வாதம். இது வளர்கிற நோய் இல்லை, ஆனால் பிசியோதெரபியை விட்டால் தசை இறுகிவிடும். போன மழையில் ஆறு வாரம் போக முடியவில்லை. பாடுபட்டு நீட்டப் பழகிய முழங்கால் பழையபடி மடங்கிவிட்டது. நிரமயா என்ற மத்திய அரசின் மாற்றுத்திறனாளி மருத்துவக் காப்பீட்டில் 1 லட்சம் வரை உண்டு, ஆனால் தெரபிக்கு அதற்குள் தனி வரம்பு. ஆட்டோ செலவு வேறு. தங்கை வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், கடலுக்குப் போக முடியாது.

அவன் தெரபி செலவுக்கு நீங்கள் 100 குதிப்புக்கு 1 ரூபாய் தர வேண்டும் என்பது மகள் போட்ட கணக்கு. கூட்டியோ குறைத்தோ தரலாம். முடித்த பிறகு கொடுத்தால் போதும், முன்பணம் வாங்க மாட்டாளாம். கயிறு காலில் சிக்கினால் அந்தக் குதிப்பு சேராதாம். (எனக்கே இவ்வளவு கறார் கிடையாது.) தெரபி ரசீதுகளை இங்கேயே போடுகிறேன்.

நேரம் காலை 6 முதல் 6.30 வரை. கீழ்வீட்டுக்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும். கடைசி நாள் எண்ணுவதற்குத் தம்பியே வருகிறான். லிஃப்ட் மொட்டை மாடி வரை போகாது, சக்கர நாற்காலியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். யார் வருகிறீர்கள்?